ஆவேசம் என்னுஞ் சொல்லும் அருட்பாக்களும்

செய்தித்தாள்களிலும் மேடைகளிலும் இக்காலத்து மிகுதியும் அடிபடும் சொற்களுள் ஆவேசம் என்பது ஒன்று. அவையிலே ஒருவர் திடீரெனக் குரலெடுத்துப் பேசின், ஆவேசமாகப் பேசினார் என்கின்றனர். கூட்டமொன்று கிளர்ந்தெழின், ஆவேசங் கொண்டது என்கின்றனர். முன்னறிகுறியின்றிப் பொங்கி, பொங்கிய விரைவிலேயே அடங்கும் உணர்ச்சி யாதாயினும் அதற்கு இதுவே பெயராயிற்று. உலக வழக்கிலே இஃது எவ்வாறு வழங்கினும் சைவர்க்கு அதுபற்றிக் குறையொன்றும் இல்லை. ஆயின், திருமுறைகளை இலக்கிய நோக்கால் ஆராய்வார் சிலர், நாயன்மார் பாடல்களையும் பத்தி ஆவேசத்தில் வெடித்தெழுந்தவை என்றும், பாடுங்காலத்துப் பாடியோர் தம் வயத்தினர் அல்லர் என்றும் எழுதத் தலைப்பட்டனர். அவர் இகழும் நோக்கினரல்லர். போற்றுதற்பொருட்டே அங்ஙனம் எழுதுகின்றனர். எனினும், சித்தாந்த நூலார் பல நூற்றாண்டுகட்கு முன்னரே ஆராய்ந்து விலக்கிய கொள்கையொன்று அப்போற்றுரையினுள்ளே மறைந்து கிடத்தலின், இச்சொல்லின் பிறப்பும் பொருளும் ஆராயற்பாலன.

ஆவேசம் வடசொல். விச் என்னும் வினையடி புகுதலென்னும் பொருளது. அதனோடு ஆ என்னும் முன்னொட்டுச் சேர இச்சொல் பிறந்தது. பிரவேசம் என்பதும் அவ்வடியினின்று வந்ததே. ஆகவே இதற்கு முதற்பொருள் உட்புகுதல் என்பதாம். பேயோ தெய்வமோ ஒருவனைப் பற்றுதல், ஒரு பொருளிலே மனம் ஆழ்ந்துபோதல், சினம் என்பன அதனின்று கிளைத்த பொருள்களாக வடமொழி அகராதிகளிற் காணப்படும். வைணவர், திருமாலின் ஆற்றல் பிறிதோர் உயிரினிடத்துப் புகுந்து நிற்கும் பிறப்பினை ஆவேசாவதாரம் என்பர்; பரசுராமர் அவ்வகையினர். அவர் சினத்திற்குப் பெயர்பெற்றவரே. ஆயினும், அங்கே ஆவேசம் என்றது அவர்தம் சினத்தையன்று, ஆற்றல் புகுந்தமையையே என்க.

பிரவேசத்திற்கும் ஆவேசத்திற்கும் அடி ஒன்றாயினும் வழக்கு வேறு. கயிலையினின்று போந்த சிவயோகியார், சாத்தனூரில் இறந்து கிடந்த மூலன் என்னும் இடையனது உடலிலே, அவன் மேய்த்த பசுக்களின் துயர் தீர்க்கும்பொருட்டுப் புகுந்தமையைச் சேக்கிழார் கூறுவர். அது பரகாயப் பிரவேசம். கூடுவிட்டுக் கூடு பாய்தல் என்று தமிழிற் கூறப்படுவது. அங்கே உடலுக்கு உரியவன் இல்லை. ஆளற்ற வீட்டிலே ஒருவர் குடிபுகுந்தார். ஆவேசமோ, உயிர் குடியிருக்கும் வீட்டிலே பிறிதொன்று நுழைந்து, இருந்தாரை ஒரு மூலையில் ஒதுக்கிவிட்டுத் தான் ஆட்சி செய்தல். மூலனுடலிற் புகுந்த யோகியார் பின்னர் ஆண்டுக்கு ஒரு பாட்டாக மூவாயிரம் ஆண்டு இருந்து பாடினார் என்பது புராணம். புகுதல் மெய்யாகவே நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் இடத்திலே, பொங்குதல் என்பது பெயரளவிற்கும் இல்லாமை நோக்கத்தக்கது.

அற்றேல், புகுதற்பொருள் பொங்குதற்பொருளாயது யாங்ஙனம்? ஊர்த்தெய்வங்களின் கோயில்களிலே கொடைவிழாக் காலத்துச் சாமியாடுவோரைக் கண்டவர்க்கு இஃது எளிதில் விளங்கும். உடுக்கையும் மேளமும் முழங்க, அதுவரை அடங்கி நின்ற ஒருவர் உடல் நடுங்கிக் கூவி ஆடுவர். அருள் வந்தது என்றும், சன்னதம் வந்தது என்றும் ஊரார் கூறுவர். வந்தது எதுவோ அது கண்ணுக்குப் புலனாவதன்று. நடுக்கமும் கூவலுமே புலனாவன. காணாத காரணத்திற்கு இட்ட பெயர், கண்ட காரியத்தின்மேல் ஏறிற்று. அதன்பின், அக்காரணம் சிறிதும் இல்லாத இடத்தும், காரியம் ஒத்திருத்தல் பற்றி அப்பெயர் பரவிற்று. வெறி என்னுந் தமிழ்ச்சொல்லுக்கு நேர்ந்ததும் இதுவே. முருகன்பொருட்டு வேலன் ஆடும் ஆட்டத்தையும், நறுமணத்தையும் குறித்த அச்சொல், இன்று குடிவெறிக்கும் சாதிவெறிக்கும் நாயின் நோய்க்கும் உரியதாயிற்று. மணம் என்னும் பொருளை இன்று அறிந்தார் சிலரே.

பண்டைத் தமிழ்நூலார் சினத்தையும் தெய்வமேறுதலையும் ஒன்றாக எண்ணினாரல்லர். தொல்காப்பியனார் மெய்ப்பாடு எட்டனுள் வெகுளியை ஒன்றாக வைத்து, உறுப்பறை, குடிகோள், அலை, கொலை என்னும் நான்கும் அது பிறத்தற்குக் களன் என்றனர். உறுப்பைக் குறைத்தலும், குடியைக் கெடுத்தலும், அலைத்தலும், கொல்லுதலும் ஆகிய தீங்கு நிகழ, அதனை உணர்ந்த உள்ளத்திலே பிறப்பது வெகுளி. வேறொன்று வந்து புகுவதன்று. இனிச் சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையுரையில் அடியார்க்குநல்லார் காட்டும் அவிநயம் இருபத்துநான்கனுள், வெகுண்டோன் அவிநயம் முதற்கண் நிற்ப, தெய்வமுற்றோன் அவிநயம் அதனின் வேறாக எண்ணப்பட்டது. கூத்தன் இரண்டினையும் வேறு வேறாக நடித்துக் காட்டல் வேண்டும். மேடையில் ஆடுவோனுக்கும் தெரிந்திருந்த இவ்வேறுபாடு, இன்று மேடையிற் பேசுவோரைப் பற்றி எழுதுவார்க்குத் தெரியாதாயிற்று. வெகுளி என்னுஞ் சொல்லும் தன் நிலையிழந்தது. வள்ளுவனார் வெகுளாமை என ஓரதிகாரம் வகுத்திருக்க, இற்றைப் பேச்சில் வெகுளி என்றால் கள்ளமறியாதவன் என்றே கொள்கின்றனர். அதனால் ஒழிந்த இடங்களுள் ஒன்றிலே ஆவேசம் வந்து அமர்ந்தது எனலாம்.

மெய்யாகிய ஆவேசம் எத்தன்மைத்து என்பதற்கும் சிலப்பதிகாரமே சான்று. வேட்டுவ வரியில் மறக்குடிப் பிறந்த சாலினி தெய்வமுற்று, மயிர்சிலிர்த்துக் கையெடுத்து ஆடி, கண்ணகியைப் புகழ்ந்து கூறுகின்றாள். கூறுவது சாலினியின் வாய், கூற்று அவளுடையதன்று. கண்ணகி இன்னள் என்பது சாலினிக்குத் தெரிய வழியில்லை. கண்ணகியும் அவ்வுரையை மெய்யென ஏற்றாளில்லை. வரந்தரு காதையில் தேவந்திகைமேல் பாசண்டன் ஏறி உரைப்பதும் அத்தகையதே. ஆண்டுப் பேசுவோன் பாசண்டன், தேவந்திகை அல்லள். ஆவேசத்தின் இலக்கணம் இதுவென்று இவ்விரண்டிடத்தும் தெளியலாம்: பேசுவார் பெயர் மாறும், இருந்தவர் அறிவு ஒதுங்கும், புகுந்தது நீங்கிய பின்னர் முன்னிருந்தவரே எஞ்சுவர்.

இனிச் சமய நூல்களிலே இச்சொல் பெற்ற இடம் காண்போம். முத்தியில் உயிர் சிவனோடு ஒப்ப நிற்றல் எங்ஙனம் என்னும் வினாவிற்குச் சைவப் பிரிவினர் நால்வகையாக விடையிறுத்தனர். சிவனுக்குரிய குணங்கள் உயிரினிடத்துப் புதியனவாகத் தோன்றும் என்பார் மாவிரதியர், இஃது உற்பத்தி. சிவன் குணங்கள் உயிரின்மேற் சென்று பற்றும் என்பார் பாசுபதர், இது சங்கிராந்தி. பேயாற் பற்றப்பட்டானிடத்துப் பேயின் ஆற்றல் விளங்குமாறு போலச் சிவன் உயிரிற் புகுந்து நிற்ப அவன் குணங்கள் ஆண்டு விளங்கும் என்பார் காபாலிகர், இதுவே ஆவேசம். உயிர்க்கு இயல்பாக உள்ளனவாய், மலத்தால் மறைப்புண்டு கிடந்த குணங்களே மலம் நீங்க வெளிப்படும் என்பது சைவசித்தாந்த ஆகமநூலார் துணிபு, இஃது அபிவியத்தி. சத்தியோசோதி சிவாசாரியர் தமது பரமோட்சநிராசகாரிகையில் முத்திபற்றிய பிறர் கொள்கைகளை மறுக்குமிடத்து இவற்றையும் எடுத்து ஆராய்ந்தனர். காசுமீரத்துப் பட்ட இராமகண்டர் அதற்கு விரிவுரை வகுத்தனர். அவ்வுரையோடு கூடிய அந்நூலின் ஆராய்ச்சிப் பதிப்பொன்று 2013ஆம் ஆண்டு புதுச்சேரியில் வெளிவந்தது. தமிழிலே பாசுபதம், மாவிரதம், காபாலம் என்பன அகப்புறச் சமயங்களுள் வைத்து விலக்கப்படுதலைச் சிவஞான முனிவர் முதலியோர் உரைகளிற் காணலாம். ஆவேசம் என்பது, ஆகலின், சைவநூல் வழக்கிலே ஒரு பொதுச்சொல் அன்று; மறுக்கப்பட்ட ஒரு கொள்கையின் பெயர்.

காசுமீரத்துப் பிரத்தியபிஞ்ஞா நூலார் சமாவேசம் என்னும் சொல்லை மிக உயர்ந்த பொருளிலே ஆண்டனர் எனின், அதுவும் உண்மையே. உற்பலதேவரும் அவர் மரபில் வந்த அபிநவகுப்தரும் அதனைத் தம் நெறியின் உயிர்நிலையாகவே கொண்டனர். ஆயின், அவர்க்கு உயிரே சிவம். உயிரெனத் தோன்றிய குறுகிய தன்மை அமிழ, சிவமாகிய தன்மை மேலெழுதலையே அவர் சமாவேசம் என்றனர். புகுவோனும் புகப்படுவோனும் அங்கே இருவரல்லர். காபாலிகர்க்கு இருவர் உண்டு. ஆயின் ஒருவர் புக மற்றவர் ஒடுங்குவர். மெய்கண்ட சந்தானத்தார்க்கு இருவரும் என்றும் உளர்; இருந்தும் பிரிவில்லை. சொல் ஒன்றாயினும் மூவரும் நிற்கும் நிலம் வேறு. வடநாட்டு நூலொன்றில் இச்சொல்லைக் கண்டவுடன் அதனைத் தேவார திருவாசகங்கட்கு எடுத்தொட்டுதல், வேறொரு வீட்டுத் திறவுகோலால் இவ்வீட்டுப் பூட்டைத் திறக்க முயல்வதாம்.

சித்தாந்தம் ஆவேசத்தை மறுத்தற்குக் காரணம் வெளிப்படை. புகுவது எதுவோ அது முன்னர்ப் புறத்தே இருந்ததாதல் வேண்டும். எங்கும் நிறைந்த சிவனுக்குப் புறம் என்பதோரிடம் இல்லை. புகுந்தது நீங்குதலும் கூடும். நீங்கின் முத்தி முத்தியாகாது. இருந்த அறிவு ஒதுங்கிவிடின், இன்பம் நுகர்வார் யாவர்? கண்ணுக்குக் காணும் ஆற்றல் உண்டு. எனினும் ஞாயிற்றின் ஒளியின்றி அது காணாது. ஒளி வந்தவழிக் காண்பது கண்ணே. ஒளி கண்ணைத் தள்ளிவிட்டுத் தான் காண்பதில்லை. உயிரறிவு அருளறிவோடு நிற்கும் முறையும் இதுவே. சிவஞானபோதத்து எட்டாஞ் சூத்திரம் காட்டும் அரசகுமரனும் இதற்குச் சான்றாவான். வேடரிடையே வளர்ந்து தன்னை மறந்த அவனுக்கு நீ என் மகன் என்று அரசன் அறிவிக்க, அவன் அரசகுமரன் ஆகின்றான். அவனுள் எவரும் புகவில்லை, அவனாயிருந்தவனும் ஒழியவில்லை.

மற்று, சினம் ஆவேசமாகுமோ எனின், அதுவும் ஆகாது. அருணந்தி சிவாசாரியர் இருபாவிருபதில் ஆணவத்தின் குணங்களாக எண்ணிய எட்டனுள் குரோதம் ஒன்று. ஆணவமோ உயிரை அநாதியே பற்றி நிற்பது, நேற்றுப் புகுந்ததன்று. செம்பிற் களிம்பு போல உடனிருந்த அதுவே, வாயில் நேர்ந்தபோது சினமாகப் பொங்குகின்றது. ஆவேசத்திலே செய்துவிட்டேன் என்று ஒருவன் கூறுங்கால், தான் அறியாத ஒன்று தன்னுட் புகுந்து செய்துவிட்டு ஓடியது என்று அவன் கூறுகின்றான். பழியைச் சுமப்பதற்கு ஆளில்லை. இச்சொல் உலகில் இத்துணை விரும்பப்படுதற்கு இவ்வசதியும் ஒரு காரணமாதல் கூடும். ஆக, சினமும் புறத்தினின்று புகுந்ததன்று. அருளும் புறத்தினின்று புகுவதன்று. புகுதல் என்னும் பொருளுடைய சொல் இரண்டிடத்தும் பொய்க்கின்றது.

அருட்பாக்களை எடுத்துக்கொள்ளின், அவற்றின் யாப்பே சான்று பகரும். திருஞானசம்பந்தப் பிள்ளையார் தம் பதிகங்களின் ஈற்றிலே திருக்கடைக்காப்பில் தம் பெயரும் ஊரும் பொறித்து, பாடலின் பயனும் உரைப்பர். தெய்வமுற்ற சாலினி தன் பெயர் சொல்லி முத்திரையிடுவாளல்லள். காரைக்காலம்மையாரோ தம்மைப் பேய் என்றே கூறிக்கொண்டவர். பேய்வடிவம் தமக்கு வேண்டுமென்று இரந்து பெற்றவர் அவர். பேயாற் பற்றப்பட்டவரல்லர், தாமே அறிந்து பேயானவர். அவர் அருளிய அற்புதத் திருவந்தாதியிலே ஒரு வெண்பாவின் ஈறு அடுத்த வெண்பாவின் முதலாக நூற்றொரு வெண்பாவும் கோவையாகத் தொடுக்கப்பட்டு, இறுதியிற் காரைக்காற்பேய் என்னும் பெயர் நிற்கின்றது. தம் வயமிழந்தார் ஒருவர் நூறு கண்ணியும் வழுவாது சங்கிலி கோத்தார் என்று கூறத் துணிவார் யாவர்?

ஈண்டுத் தடை நிகழ்த்துவார் கூறத்தக்கது ஒன்றுண்டு. அது வலியுடையதும் ஆகும். கோளறு பதிகத்திலே, பயன் கூறும் ஈற்றுப்பாட்டொழிந்த பத்துப் பாடல்களிலும், இறைவன் தம் உள்ளத்திற் புகுந்தமையையே நாளும் கோளும் தீங்கு செய்யாமைக்குக் காரணமாகப் பிள்ளையார் கூறுகின்றனர். இலம்பையங்கோட்டூர்ப் பதிகத்திலே தம்முரை இறைவனுரையாக நிகழ்வதைப் பாடுகின்றனர். திருவாசகத்திலும் இறைவன் உட்புகுந்தமை பலகால் வருகின்றது. பாடினோரே புகுந்தான் என்னும்போது, புகுதற்பொருட்டாகிய ஆவேசம் என்னுஞ் சொல்லை விலக்குதல் என்னை? இதற்கு விடை: படலத்தாற் கண்மறைந்த ஒருவன், படலம் உரித்தவுடன் ஞாயிறு வந்தது என்கின்றான். வந்தது உண்மையில் அவன் பார்வை. எனினும் அவன் சொல் பொய்யன்று, ஏனெனில் ஞாயிறின்றி அவன் பார்வையால் ஆவதில்லை. முன்னரே உடனாய் நின்றவன் விளங்காதிருந்து விளங்கினமையே புகுந்தான் எனப்பட்டது. அன்றியும், பிள்ளையார் உள்ளம் புகுந்தான் என்று வாளா கூறாது, என் உள்ளம் என்று உரிமை தோன்றக் கூறினர். இலம்பையங்கோட்டூரிலும் தம்முரை என்பது கெட்டொழிய இறைவனுரை நிற்பதாகக் கூறினாரல்லர், இரண்டினையும் ஒருங்கு வைத்தே கூறினர். ஆவேசத்தில் நான், எனது என்பன இல்லை. இங்கே அவை அழியாமல் அவனுக்கு உரியவாகின்றன. அத்துவிதம் என்னுஞ் சொல்லின் உட்பொருள் முழுதும் இந்நுண்ணிய வேறுபாட்டிலே தங்கியுளது.

கண்ணீரும் மயிர்ப்பொடிப்பும் நாத்தழுதழுப்பும் அடியார்க்கும் உண்டே, தெய்வமேறினார்க்கும் உண்டே எனின், உண்டு. காய்ச்சலாலும் உடல் நடுங்கும், குளிராலும் நடுங்கும், அச்சத்தாலும் நடுங்கும். மெய்ப்பாட்டின் ஒப்புமை கொண்டு காரணத்தின் ஒப்புமையைத் துணிதல் மருத்துவனுக்கும் ஆகாது.

பெரியபுராணத்தில் வெகுளி தோன்றும் இடங்களையேனும் ஆவேசம் எனலாமோ எனின், அதற்கும் சேக்கிழார் இடங்கொடார். சண்டேசர் மணலால் இலிங்கம் அமைத்துப் பூசை செய்துழி, தந்தையாகிய எச்சதத்தன் முதுகிற் புடைத்தான், அவர் உணர்ந்திலர். திருமஞ்சனப் பாற்குடத்தைக் காலால் இடறியபோதே உணர்ந்தனர். இன்னான் என்று அறிந்தே அவன் தாளை எறிந்தனர். எறிந்தபின் இடையூறு நீங்கினதாகக் கொண்டு முன்போலப் பூசையைத் தொடர்ந்தனர். அறிந்து செய்தலும் விட்ட இடத்தினின்று தொடர்தலும் ஆவேசத்திற்கு இயல்பல்ல. சுந்தரமூர்த்திகள் வரலாறு இன்னும் விளக்கமானது. மணப்பந்தரிலே அடிமையோலை காட்டிய முதிய அந்தணரைப் பித்தனோ என இகழ்ந்து, விரைந்து சென்று அவ்வோலையைப் பறித்துக் கிழித்தனர். திடீர்ப் பொங்குதல் என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை. அது தூய வெகுளி. பின்னர்த் திருவெண்ணெய்நல்லூரில் வழக்குத் தோற்று, வந்தவர் இன்னாரென்று தெளிந்து, யாது சொல்லிப் பாடுவேன் என்று மயங்கி நின்றபோது, முன்பு பித்தன் என்று சொன்னாய், அதனையே சொல்லிப் பாடு என்று இறைவன் அருளினன். வெகுளியில் வீசிய சொல்லே பதிகத்தின் முதற்சொல்லாயிற்று. சொல் மாறவில்லை, சொன்னவரும் மாறவில்லை, வன்றொண்டர் என்னும் பெயரும் அவ்வன்மையை மறைக்காது காத்து நிற்கின்றது. வேறொருவர் புகுந்து பாடியதாயின், முன் சொன்ன சொல்லை நினைவூட்டவேண்டுவது எற்றுக்கு?

இவ்வாராய்ச்சிக்குப் பழந்தமிழ் அகப்பாடல்கள் தரும் துணை பெரிது. தலைவி காதலால் மெலிகின்றாள். தாய் அதனை அறியாள். முருகு பற்றியது என்று துணிந்து வேலனை அழைத்து வெறியயர்விக்கின்றாள். களம் இழைத்து, மறியறுத்து, கழங்கு பார்த்து வேலன் ஆடுகின்றான். உண்மையறிந்த தோழி நகைக்கின்றாள். நற்றிணையின் முப்பத்துநான்காம் பாட்டிலே முருகனையே விளித்து, இந்நோய் உன்னால் வந்ததன்று என்று தெரிந்தும் வேலன் வேண்ட வந்தாயே, கடவுளாயினும் நீ அறியாமையுடையை என்று கூறும் அளவிற்குத் தோழியின் துணிவு செல்கின்றது. அன்பினால் விளைந்த மெலிவைப் பற்றினால் விளைந்ததாகக் கொண்ட பிழை அது. அருட்பாக்களை ஆவேசம் என்பார் செய்யும் பிழையும் அதுவே. தாய்க்கு மகள்மேல் அன்பில்லாமலில்லை, இவர்க்கும் பாடல்கள்மேல் அன்பில்லாமலில்லை. மணிவாசகப் பெருமான் அருளியதாகச் சைவர் போற்றும் திருக்கோவையார் நானூறு பாட்டினுள்ளும் வெறிவிலக்குதற்குரிய துறை உண்டு. ஆண்டும் தோழி வெறியை விலக்கி, தலைவிக்கும் தலைவனுக்கும் முன்னரே நிகழ்ந்த கூட்டத்தைக் குறிப்பாற் புலப்படுத்தி, அறத்தொடு நிற்கின்றாள்.